பள்ளம் தோண்டியது யார்?

ஹைதராபாத்தில் நௌபத் பகாட் என்றொரு பாறைக் குன்று உண்டு. அதன்மேல் பிர்லா மந்திரும் பிர்லா அறிவியல் மையமும் இருக்கின்றன. அங்கே நின்று பார்த்தால் ஹுசேன் சாகர் ஏரி பரந்து கிடக்கும். "இவ்வளவு பெரிய பள்ளத்தை யார் தோண்டினார்கள்?" என்று உங்களில் யாராவது கேட்டால் பதில் எளிது. யாரும் தோண்டவில்லை. 16-ஆம் நூற்றாண்டில், குதுப் ஷாஹி சுல்தான்களின் காலத்தில், கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி அது.

ஆனால் அதே கேள்வியை இன்னொரு ஏரியைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு விடை கிடைக்க 150 ஆண்டுகள் ஆயின. அந்த ஏரியின் பெயர் லோனார். ஹைதராபாத்திலிருந்து வடமேற்கே, நேர்க்கோட்டில் சுமார் 350 கி.மீ. தொலைவில், மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் இருக்கிறது. சமவெளியில் நடந்துகொண்டே போனால் திடீரென்று தரை முடிந்துவிடும். கீழே ஏறத்தாழ வட்டமாக ஒரு மாபெரும் குழி. குறுக்கே 1.8 கி.மீ. விளிம்பிலிருந்து அடித்தளம் வரை 130 மீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பச்சை நிறத்தில் உப்புத் தண்ணீர். 1823-இல் அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைப் பற்றி எழுதிவைத்தபோது அந்தப் பகுதி முழுவதும் ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது.

உள்ளூர் மக்களுக்கு அதற்கு முன்பே லோனார் நன்றாகத் தெரியும். அக்பர் காலத்து அயினி அக்பரி நூலிலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. கண்ணாடியும் சோப்பும் செய்யத் தேவையான பொருள்கள் அங்கே கிடைக்கின்றன என்று அந்த நூல் சொல்கிறது. லோனாசுரன் என்ற அரக்கன் பூமிக்கடியில் ஒளிந்திருந்தான், திருமால் அவனை அழித்தார், அவன் இருந்த இடம்தான் இந்தக் குழி என்று ஊர்க்கதை சொல்லும். ஊருக்குள் தைத்யசூதனர் கோயில் என்ற அழகான பழைய கோயிலும் இருக்கிறது.

வெள்ளைக்காரப் புவியியலாளர்கள் வந்து பார்த்தார்கள். சுற்றிலும் பசால்ட் பாறை. பசால்ட் என்பது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை. மேற்கு இந்தியாவின் பெரும்பகுதியை இந்தப் பாறைதான் மூடியிருக்கிறது. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து வழிந்து, அடுக்கடுக்காகப் படிந்தது. எரிமலைப் பாறைக்கு நடுவே வட்டமான குழி இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? அவர்களும் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். இது எரிமலையின் வாய் என்றார்கள்.

அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். கிரேட்டர் என்ற பெயரே அன்று எரிமலைக்குச் சொந்தமாக இருந்தது. பழைய கிரேக்கர்கள் விருந்தில் திராட்சை மதுவையும் தண்ணீரையும் கலக்கும் பெரிய பாத்திரத்துக்கு வைத்த பெயர் அது. எரிமலை உச்சியிலிருக்கும் குழி அதே வடிவில் இருந்ததால் அதற்கும் அந்தப் பெயர் வந்தது. 1609-இல் கலீலியோ தொலைநோக்கியால் நிலாவைப் பார்த்து, அதன் முகமெல்லாம் குழிகளாக இருப்பதைக் கண்டார். அந்தக் குழிகளை கிரேட்டர் என்று அழைக்கத் தொடங்கியவர் ஜெர்மனியின் ஷ்ரோட்டர், 1791-இல். குண்டு வெடித்த இடத்தில் உண்டாகும் குழியும் கிரேட்டர்தான். வெல்டிங் பட்டறையில் பற்றவைப்பு முடியும் இடத்தில் விழும் சிறு குழியையும், வயிற்றுப்புண்ணின் நடுவிலிருக்கும் குழியையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். வானத்திலும் ஒரு கிரேட்டர் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இரவு 9 மணி போலத் தெற்கு வானத்தைப் பாருங்கள். அஸ்த நட்சத்திரக் கூட்டம் தெரியும். அதற்கு மேற்கே மங்கலான சில விண்மீன்கள் சேர்ந்து ஒரு கிண்ணத்தின் வடிவில் நிற்கும். அந்த விண்மீன் தொகுதியின் பெயரும் கிரேட்டர்.

நாம் இங்கே கிண்ணக்குழி என்று சொல்லிக்கொள்வோம். தரையில் ஒரு கிண்ணக்குழியைப் பார்த்தால், அதை உண்டாக்கியது கீழேயிருந்து வந்த நெருப்பா, மேலேயிருந்து வந்த கல்லா, மனிதனா என்பதை வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. கல்லைக் கேட்க வேண்டும்.

முதலில் நெருப்பைப் பார்ப்போம். பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு மேலே வருகிறது. அதில் கரைந்திருக்கும் நீராவியும் வாயுக்களும் வெளியேறத் துடிக்கின்றன. ஒரு வழி கிடைத்ததும் குழம்பையும் சாம்பலையும் வாரி இறைக்கின்றன. வெளியே வந்த பொருள் வாயைச் சுற்றிக் குவிந்து கூம்பாகிறது. அந்தக் கூம்பின் உச்சியில் இருப்பதுதான் எரிமலை வாய். இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே இருக்கும் பேரன் தீவு. நெடுங்காலம் அமைதியாக இருந்த அது 1991-இல் மறுபடியும் சீறியது. அங்கே மனிதர்கள் யாரும் குடியிருக்கவில்லை.

சில நேரம் எரிமலை தன் அடிவயிற்றிலிருந்த குழம்பையெல்லாம் ஒரேயடியாகக் கக்கிவிடும். கீழே வெற்றிடம் உண்டாகிவிட்டதால் மேற்கூரை அப்படியே உள்ளே சரிந்து விழும். அப்படி உண்டாகும் மாபெரும் பள்ளத்துக்கு கால்டெரா என்று பெயர். சுமத்ராவின் தோபா ஏரி அப்படிப்பட்டது. ஏறக்குறைய 100 கி.மீ. நீளமும் 30 கி.மீ. அகலமும் உடையது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது கிளம்பிய சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி நம் நாட்டின்மேல் விழுந்தது. ஹைதராபாத்துக்குத் தெற்கே, பழைய கர்நூல் மாவட்டத்தில், ஜ்வாலாபுரம் என்ற ஊரில் இன்றும் அந்தச் சாம்பல் அடுக்கு மண்ணுக்குள் வெள்ளையாகக் கிடக்கிறது. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் தடிமன். மைக்கேல் பெட்ராக்லியாவும் நம் நாட்டு ஆய்வாளர்களும் அங்கே தோண்டி 2007-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவிகள், சாம்பலுக்கு மேலேயும் கற்கருவிகள். அந்தப் பேரழிவுக்கு முன்னும் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள், பின்னும் வாழ்ந்தார்கள் என்று அந்தக் கருவிகளை வைத்து அவர்கள் சொன்னார்கள். சுமத்ராவில் விழுந்த ஒரு பள்ளத்தின் கதையில் பாதி, 2,600 கி.மீ. தள்ளி ஆந்திரத்து வயல்வெளியில் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வியப்பு அடங்குவதில்லை.

இனி மேலேயிருந்து வரும் கல்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அகலமான தாம்பாளத்தில் நான்கு விரல் உயரத்துக்குக் கோலமாவைக் கொட்டிச் சமமாக்குங்கள். மேலே மஞ்சள்தூளை மெல்லியதாகத் தூவுங்கள். இப்போது ஒரு கோலிக்குண்டை ஒரு முழ உயரத்திலிருந்து போடுங்கள். பிறகு நின்றுகொண்டு, தலைக்குமேல் கையை உயர்த்திப் போடுங்கள். குழி பெரிதாகும். குழியைச் சுற்றி ஒரு வரப்பு எழும். உள்ளேயிருந்த வெள்ளை மாவு வெளியே தெறித்து மஞ்சள்மேல் கோடுகோடாகப் படியும். கீழே இருந்தது மேலே வந்துவிட்டது, கவனித்தீர்களா? விண்கல் விழுந்த இடங்களிலும் இப்படித்தான். விளிம்பில் பாறை அடுக்குகள் மேல்நோக்கி மடங்கியிருக்கும், சில இடங்களில் தலைகீழாகவே புரண்டிருக்கும். லோனாரின் விளிம்பும் சுற்றுப்புறத் தரையைவிட 20 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அங்கே பசால்ட் அடுக்குகள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன.

இப்போது கோலியைச் சாய்வாக எறிந்து பாருங்கள். குழி வட்டமாக வராது, நீளமாக வரும். பெரியவர்களுக்குத் தலைவலி கொடுத்தது இந்த நீளக் குழிதான். விண்கற்கள் எல்லாத் திசையிலிருந்தும், எல்லாச் சாய்விலும் வரும். அப்படியானால் நிலாவில் நீளமான குழிகள் நிறைய இருக்க வேண்டுமே! தொலைநோக்கியில் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே வட்டம். ஆகவே அவை எரிமலை வாய்கள்தான், கல் விழுந்த குழிகள் அல்ல என்று 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலோர் நம்பினார்கள். நல்ல தர்க்கம். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அது வேகம்.

உங்கள் கோலி நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் விழுகிறது. விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் கல்லின் வேகம் நொடிக்கு 11 கி.மீ.க்குக் குறையாது. ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும் வேகம்! சிறிய கற்களைக் காற்று தடுத்து வேகத்தைக் குறைத்துவிடும். பத்துக்கணக்கான மீட்டர் அகலமுள்ள ஒரு பெரிய இரும்புக் கல்லைக் காற்றால் அப்படித் தடுக்க முடியாது. அது தரையில் மோதும்போது அவ்வளவு ஆற்றலும் ஒரு நொடிக்குள் ஒரே இடத்தில் வெளிப்படுகிறது. கல்லின் பெரும்பகுதி உருகி ஆவியாகிவிடுகிறது. அங்கே நடப்பது ஒரு வெடிப்பு. வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரேபோலப் பரவும். அதனால்தான் கல் சாய்வாக வந்தாலும் குழி வட்டமாகிறது. மிகவும் படுக்கைவாட்டில் வந்தால் மட்டுமே நீளும். எஸ்தோனியாவின் எர்னஸ்ட் எப்பிக் 1916-இலும், நியூசிலாந்தின் கிஃபர்ட் 1924-இலும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பொதுவாக, விழுந்த கல்லைவிடப் பள்ளம் பத்து, இருபது மடங்கு அகலமாக இருக்கும்.

இது தெரியாததால் ஒருவர் தன் செல்வத்தையே இழந்தார். அமெரிக்காவின் அரிசோனாவில் 1.2 கி.மீ. அகலமுள்ள ஒரு குழி இருக்கிறது. 1903-இல் டேனியல் பேரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர் அதை வாங்கினார். விண்கல்தான் இதைத் தோண்டியது, அந்தக் கல் முழுவதும் இரும்பு, அது அடியில் புதைந்திருக்கிறது, எடுத்து விற்கலாம் என்று கணக்குப் போட்டார். 27 ஆண்டுகள் துளைபோட்டும் புதையல் கிடைக்கவில்லை. கல் விழுந்தது என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அந்த இரும்பில் பெரும்பகுதி விழுந்த நொடியிலேயே ஆவியாகவும் துளிகளாகவும் சிதறிப்போய்விட்டது.

பேரிங்கர் சொன்னது சரி என்று நிரூபித்தவர் யூஜின் ஷூமேக்கர் என்ற அமெரிக்கப் புவியியலாளர். அவர் எடுத்துக்கொண்ட வழி விந்தையானது. நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைகளால் விழுந்த பள்ளங்களை அளந்தார். அங்கே பாறை அடுக்குகள் எப்படி மடங்கியிருந்தனவோ, அரிசோனாவிலும் அப்படியே மடங்கியிருந்தன. மனிதன் உண்டாக்கிய பள்ளம், விண்கல் உண்டாக்கிய பள்ளத்துக்குச் சாட்சி சொன்னது. பிறகு 1960-இல் எட்வர்ட் சாவோவும் அவரும் அரிசோனாப் பாறையில் கோசைட் என்ற கனிமத்தைக் கண்டார்கள். மணலில் மின்னும் குவார்ட்ஸ்தான் அது. ஆனால் பயங்கரமான அழுத்தத்தில் நெருக்கப்பட்டு உள்ளமைப்பே மாறிப்போனது. எரிமலை வாயில் அவ்வளவு அழுத்தம் கிடையாது. இயற்கையில், நிலத்தின் மேற்பரப்பில் அவ்வளவு அழுத்தத்தைத் திடீரென்று கொடுக்க விண்கல்லால்தான் முடியும்.

சரி, லோனாரிலும் கோசைட்டைத் தேடிவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். தேட முடியாது! பசால்ட்டில் குவார்ட்ஸே கிடையாது. இல்லாத ஒன்று எப்படி நெருக்குண்டு மாறும்?

லோனாரும் அரிசோனாக் குழியும் ஒன்றுபோல இருப்பதை 1896-லேயே கில்பர்ட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் கவனித்திருந்தார். ஆனால் சான்று இல்லை. 1964-இல் லாஃபாண்ட், டீட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இது விண்கல் பள்ளமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அப்போதும் சான்று இல்லை. பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஏரியின் அடியில் துளையிட்டார்கள். சேற்றைத் தாண்டி, பல நூறு மீட்டர் கீழே, நொறுங்கிய பசால்ட் கிடைத்தது. அதில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகாமலேயே கண்ணாடியாக மாறியிருந்தது. அழுத்த அலை அவ்வளவு வேகமாகப் பாய்ந்ததால் அதன் படிக ஒழுங்கு குலைந்து, வெளிவடிவம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கண்ணாடியின் பெயர் மாஸ்கலினைட். 1973-இல் ஃப்ரெட்ரிக்சன், துபே, மில்டன், பாலசுந்தரம் ஆகிய நால்வரும் சயன்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள். அலெக்சாண்டர் எழுதி 150 ஆண்டுகள் கழித்து வழக்கு தீர்ந்தது.

மாஸ்கலினைட்டுக்கு இன்னொரு இந்தியத் தொடர்பும் உண்டு. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷேர்காட்டியில் ஒரு விண்கல் விழுந்தது. சில ஆண்டுகள் கழித்து அதற்குள்தான் இந்தக் கண்ணாடியை உலகம் முதன்முதலாகக் கண்டது. அந்தக் கல் செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. செவ்வாயில் ஏதோ ஒரு பெரிய கல் மோதியிருக்கிறது. அந்த மோதலில் தெறித்த துண்டு ஒன்று விண்வெளியில் சுற்றி அலைந்து கடைசியில் பீகாரில் விழுந்திருக்கிறது. அங்கே குழி விழுந்தபோது உண்டான கண்ணாடி இங்கே கிடைத்தது.

ஹைதராபாத்துக்கு வருவோம். உப்பல் சாலையில் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, 1961-இல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய பூர்ணசந்திர ராவும் பல்லாவும் லோனாரின் பாறைகளை எடுத்துவந்து அவற்றின் காந்தத்தை அளந்தார்கள். பாறைக்கு ஏது காந்தம் என்கிறீர்களா? பசால்ட்டில் இரும்புக் கனிமத் துகள்கள் நிறைய உண்டு. குழம்பு ஆறி இறுகும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசை துகள்களில் பதிந்துவிடும். கோடி ஆண்டுகள் ஆனாலும் பாறை அதை மறக்காது. ஆனால் பலத்த அடி விழுந்தால் அந்தப் பழைய பதிவின்மேல் புதிதாக ஒன்று ஏறிக்கொள்ளும். விளிம்புப் பாறைகளில் அப்படிப்பட்ட அதிர்வின் தடயம் இருப்பதை அவர்கள் 1984-இல் எழுதினார்கள். கண்ணாடி சொன்னதையே காந்தமும் சொன்னது. ஒரு சாட்சி போதும் என்று விடாமல் வேறு வழியில் வந்து இன்னொரு சாட்சியையும் விசாரித்தார்களே, அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

லோனாரின் வயதிலும் கணக்கு மாறியது. முதலில் 50,000 ஆண்டுகள் என்றார்கள். மோதலில் உருகிய கண்ணாடியில் ஆர்கான் வாயுவை அளந்து 2011-இல் வெளியான ஆய்வு சுமார் 5,70,000 ஆண்டுகள் என்கிறது. ஏரியின் தண்ணீர் உப்பும் காரமும் கலந்தது. 2020 ஜூனில் அது திடீரென்று இளஞ்சிவப்பாக மாறியபோது நாடே திரும்பிப் பார்த்தது. வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறியதும், உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகித் தம் நிறத்தைத் தண்ணீருக்குக் கொடுத்திருந்தன. அதே ஆண்டில் லோனார் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

உலகமெங்கும் உள்ள ஆய்வாளர்கள் லோனாரைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நிலாவில் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும் சமவெளிகளும், செவ்வாயின் பெரும்பகுதியும் பசால்ட். பூமியில் பசால்ட்டின்மேல் விழுந்து நன்றாகப் பிழைத்திருக்கும் விண்கல் பள்ளங்கள் மிகச் சில. நிலாவுக்குப் போகாமலேயே நிலாவின் குழியைப் படிக்க வேண்டுமென்றால் புல்டாணாவுக்குப் போகலாம். செவ்வாயில் ஒரு குழிக்கே லோனார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர் வைப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. நிலாவின் குழிகளுக்கு அறிஞர்களின் பெயர்கள். ஆரியபட்டா, சி. வி. ராமன், விக்ரம் சாராபாய், ஹோமி பாபா எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். வெள்ளிக் கோளின் பெரிய குழிகளுக்குப் புகழ்பெற்ற பெண்களின் பெயர்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே கடல்கடந்து போய் மருத்துவம் படித்த ஆனந்திபாய் ஜோஷியின் பெயர் அங்கே ஒரு குழிக்கு இருக்கிறது. செவ்வாயில் சிறிய குழிகளுக்கு ஊர்ப்பெயர்கள். புதன் கோளில் கவிஞர்கள், கலைஞர்கள். காளிதாசரும் வால்மீகியும் அங்கே உண்டு, திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய தியாகராஜரும் உண்டு. ஏறத்தாழ 100 கி.மீ. அகலமுள்ள குழி அவருடையது.

நிலாவில் நாமும் ஒரு குழி தோண்டியிருக்கிறோம். அதுவும் குழந்தைகள் தினத்தன்று! 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 விண்கலத்திலிருந்து சுமார் 35 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி பிரிந்தது. பக்கங்களில் மூவர்ணக் கொடி. சுமார் 25 நிமிடம் படம் எடுத்துக்கொண்டே கீழே இறங்கி, தென்துருவத்தில் ஷாக்கில்டன் குழிக்கு அருகே மோதியது. நிலாவைச் சுற்றி வருவதோடு நில்லாமல் அதைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்று யோசனை சொன்னவர் அப்துல் கலாம். அவரும் ஒருகாலத்தில் ஹைதராபாத்தில் ஏவுகணை ஆய்வகத்தை நடத்தியவர். அந்தத் திட்டத்தின் இயக்குநர் கோவைப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரை.

தென்துருவத்துக் குழிகள் ஏன் அவ்வளவு முக்கியம்? அங்கே சூரியன் எப்போதும் அடிவானத்தை ஒட்டியே இருக்கும். ஆழமான குழிகளின் அடியில் பலகோடி ஆண்டுகளாக வெயில் விழுந்ததே இல்லை. அந்தக் கடுங்குளிரில் தண்ணீர் பனிக்கட்டியாக நிற்க முடியும். 2009 அக்டோபரில் நாசா ஒரு ராக்கெட்டின் காலிப் பகுதியை கேபியஸ் என்ற குழிக்குள் மோதவிட்டு, கிளம்பிய தூசியில் தண்ணீர் இருப்பதைக் கண்டது. ஷூமேக்கரின் பெயரும் தென்துருவத்தில் ஒரு குழிக்கு இருக்கிறது. நிலாவுக்குப் போக வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவர், உடல்நலக் குறைவால் போக முடியவில்லை. அவர் இறந்தபின் அவருடைய அஸ்தியில் சிறிதளவை லூனார் பிராஸ்பெக்டர் விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். 1999 ஜூலை 31 அன்று அந்தக் கலம் அந்தக் குழியில் மோதியது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, பிரக்யான் ஊர்திக்கு முன்னால் 3 மீட்டர் தொலைவில் 4 மீட்டர் அகலக் குழி ஒன்று வந்தது. அதற்குள் விழுந்தால் ஏறிவர முடியாது. வந்த வழியே திரும்பு என்று பெங்களூரிலிருந்து கட்டளை போனது, அதுவும் திரும்பியது. அடுத்த ஆண்டு அகமதாபாத் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். ஊர்தி ஓடிய அந்த இடமே சுமார் 160 கி.மீ. அகலமுள்ள, பாதி புதைந்துபோன, மிகப் பழைய குழிக்குள்தான் இருக்கிறதாம். ஒரு குழியைச் சுற்றிப் போன ஊர்தி, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய குழிக்குள்ளேயே நாள்முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நிலாவில் இத்தனை குழிகள் இருக்க, பூமியில் உறுதியானவை 200 போல மட்டும் இருப்பது ஏன்? பூமிக்கும் அடி குறைவாக விழவில்லை. ஆனால் இங்கே மழை அரிக்கிறது, ஆறு மண்ணைக் கொண்டுவந்து நிரப்புகிறது, எரிமலைக் குழம்பு மூடுகிறது, மலைகள் எழுகின்றன, கடலடித் தரை பூமிக்குள் திரும்பிப் போய்விடுகிறது. மத்தியப் பிரதேசத்தின் தாலா பள்ளம் 11 கி.மீ. அகலம், 170 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. நேரில் போய்ப் பார்த்தால் பள்ளம் என்றே தோன்றாது. ராஜஸ்தானின் ராம்கட் வட்டமான குன்றுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய புகழ் மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளத்துக்கு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்தது, சுமார் 180 கி.மீ. அகலம். டைனோசர்களின் கதையை முடித்தது அதுதான் என்கிறார்கள். இன்று மேலே நின்றால் ஒன்றும் தெரியாது, பாதி கடலுக்கடியில், பாதி சுண்ணாம்புப் பாறைக்கடியில். நௌபத் பகாட்டில் பிர்லா அருங்காட்சியகத்துக்குப் போனால் கோட்டாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டைக் காணலாம். தெலங்கானாவின் யாமன்பள்ளியில் கிடைத்த எலும்புகள் அவை. அதன் சாவுக்கு சிக்சுலுப் மேல் பழிபோட்டுவிடாதீர்கள். கோட்டாசாரஸ் ஜுராசிக் காலத்து விலங்கு. அந்தக் கல் வருவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே அதன் இனம் அழிந்துவிட்டது.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய தொலையுணர்வு மையம் புவன் என்ற இணைய வரைபடத்தை நடத்துகிறது. அதில் லோனாரைத் தேடிப் பாருங்கள், வட்டம் துல்லியமாகத் தெரியும். பிறகு குஜராத்தின் கட்ச் பகுதியில் லூனா என்ற சிற்றூரைத் தேடுங்கள். அங்கேயும் தட்டையான நிலத்தில் 1.8 கி.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். சஜின்குமார் என்ற புவியியலாளரும் அவருடைய குழுவினரும் அந்த மண்ணை ஆராய்ந்து, விண்கற்களில் அதிகமாக இருக்கும் இரிடியம் என்ற உலோகம் மிகுந்திருக்கிறது, விண்கல் விழுந்தால் உண்டாகும் சில கனிமங்களும் இருக்கின்றன, இது சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் விழுந்திருக்கலாம் என்று 2024-இல் எழுதினார்கள். அப்படியானால் மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்த கல் அது! ஆனால் அங்கே இருப்பது ஆற்று வண்டல், களிமண். லோனாரைப் போல விளிம்பில் மடங்கி நிற்கும் பாறை அடுக்குகள் இல்லை. ஆகவே மோதலின் அழுத்தத்தில் உருமாறிய கனிமத்தை, லோனாரின் மாஸ்கலினைட் போல ஒன்றை, அந்தக் களிமண்ணுக்குக் கீழே இன்னும் தேட வேண்டியிருக்கிறது.